வில்பெர்ட்டின் இடது கால்

லிகியா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒருமுறை ஓங்கித் தட்டினாள். எட்ஸ்னா என்ற பழைய இடிபாட்டு நகரத்தின் பெரிய முற்றத்தில் ஐந்தடுக்குக் கோயிலின் படிகள் அந்தச் சத்தத்தை வாங்கிக்கொண்டு ஒரு பறவையின் கூவலாகத் திருப்பித் தந்தன. கூட்டம் "ஆ" என்றது. எந்த ஊர்க் கூட்டமானாலும் இந்த இடத்தில் "ஆ" என்றுதான் சொல்லும். அதற்கு அடுத்தபடியாக அவள் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. எங்கள் முன்னோர்களுக்கு மைக் தேவைப்படவில்லை, என் மாமியாருக்கும் தேவைப்படாது என்பது அந்த வாக்கியம். வழிகாட்டி வேலைக்கு வந்த நாளிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்து போனதுதான், ஆனாலும் ஒருநாளும் சிரிப்பு வராமல் போனதில்லை. இன்றைக்கு எதிரொலி வந்தது, வாக்கியம் வரவில்லை. மாமியார் என்ற சொல்லுக்கு முன்னாலேயே அது நின்றுவிட்டது. கையை இறக்கிவிட்டு, கல்லின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஓணானைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"என்னம்மா, வெயில் தலைக்கு ஏறிடுச்சா? முதல்ல தண்ணியக் குடி" என்று பாட்டிலை நீட்டினார் மிர்தலா.

வடக்கே தொலைவிலிருக்கும் மோந்தெர்ரே நகரத்திலிருந்து கணவரோடு வந்திருந்த பெண்மணி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை என்பதைக் காலையில் வேனில் ஏறியதுமே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். அகலமான ஓலைத்தொப்பியும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக, கேள்வி கேட்காமல் ஒரு கல்லைக்கூடக் கடக்காத பிறவி. கணவர் பல் மருத்துவராம். தன் பங்குப் பேச்சையும் மனைவிக்கே எழுதிக் கொடுத்துவிட்ட மனிதர்.

"ஒண்ணுமில்லம்மா. இந்தக் கோயிலைக் கட்டின ராஜா பேரு மறந்துபோச்சு" என்றாள் லிகியா.

"மறந்தா மறந்துட்டுப் போகுது. அவருக்கே இப்ப ஞாபகம் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். லிகியாவும் சிரித்து வைத்தாள். வேனை நிழலில் நிறுத்திவிட்டு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியை விசிறிக்கொண்டு நின்ற கஸ்பார் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அவளுடைய கொழுந்தன். வழக்கமாக இந்த வேனை ஓட்டுகிற பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக் காலையில் இவன் வந்து நின்றபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

அக்டோபரின் கடைசி வாரம். அவர்களுடைய ஊரில் இந்த வாரத்தில் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள், கல்லறைத் தோட்டத்தில்தான் இருப்பார்கள். செத்தவர்களை ஒரேயடியாக மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வரும் பழக்கம் அங்கே கிடையாது. மூன்று வருடம் ஒரு சிமெண்டு மாடத்தில் படுக்கவைப்பார்கள். பிறகு திறந்து, எலும்புகளை எடுத்துத் துடைத்து, பூவேலை செய்த துணி விரித்த சின்ன மரப்பெட்டியில் அடுக்கிவைப்பார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் இந்த வாரத்தில் பெட்டியைத் திறந்து தூசி தட்டி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி விரிப்பார்கள். விரிக்காவிட்டால், நவம்பர் முதல் தேதி வீட்டுக்குச் சாப்பிட வரும் ஆள் அழுக்கு உடையோடு வாசல் ஏற வெட்கப்பட்டுத் தெருவிலேயே நிற்பார். மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், அல்லது கேமராவைத் தூக்குவார்கள். லிகியாவுக்கு இரண்டும் பழக்கம்தான். எங்க ஊர்ல செத்தவங்க வருஷத்துக்கு ஒருதடவை குளிக்கிறாங்க, உயிரோட இருக்கிற ஆம்பளைங்க பலபேர் அவ்வளவுகூடக் குளிக்கிறதில்ல என்று அதற்கும் ஒரு நகைச்சுவை வைத்திருந்தாள்.

இந்த வருடம் வில்பெர்ட்டின் முறை. அவளுடைய புருஷனின் முறை. அந்த வட்டாரத்து வழிகாட்டிகள் ஒருவர்கூட இந்த வாரத்தில் வேலைக்கு வரமாட்டார்கள், எல்லோருக்கும் துடைக்க யாராவது இருந்தார்கள். சுற்றுலா நிறுவனத்திலிருந்து கெஞ்சிக் கேட்டபோது, நான் போகிறேன் என்று முந்திக்கொண்டு சொன்னவள் லிகியா. "எனக்கு வேலை இருக்கு அத்தை, நீங்களும் கஸ்பாரும் பாத்துக்கோங்க" என்று மாமியார் யூசேபியாவிடம் சொன்னாள். யூசேபியா பெட்டியில் விரிப்பதற்கான துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கண்புரை முற்றி, ஆளைச் சத்தத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிற நிலை. விரலால் தடவித் தடவி ஓரம் பார்த்து இஸ்திரியை இழுத்தாள். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை லிகியா தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கோழைத்தனம்தான். அது அவளுக்கே தெரியும். ஆனால் என்ன செய்வது, அந்த மாடத்துக்குள் வில்பெர்ட்டின் இடது கால் இல்லை.

முற்றத்திலிருந்து இறங்கி, முகமூடிக் கோயிலுக்கு எல்லோரையும் அழைத்துப் போனாள். ஓலைக்கூரை போட்டு மழைக்குக் காத்துவைத்திருக்கும் இரண்டு பெரிய சுதை முகங்கள் அங்கே இருந்தன. உதிக்கும் சூரியன் இளைஞன், மறையும் சூரியன் கிழவன். இரண்டு பேருக்கும் மாறுகண். அந்தக் காலத்தில் மாறுகண் அழகு, குழந்தையின் நெற்றியில் மணியைக் கட்டித் தொங்கவிட்டு வேண்டுமென்றே வரவழைப்பார்கள் என்று சொன்னாள். வாய் தானாகப் பேசிக்கொண்டு போயிற்று. மனம் காம்பெச்சே நகரத்து ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நின்றது.

வில்பெர்ட் ரொட்டி சுடுகிறவன். அவர்கள் ஊர் ரொட்டிக்குப் பேர்போன ஊர், அதில் அவன் கடைக்கும் ஒரு பேர் இருந்தது. சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தும், முதல் தட்டு வெந்ததா என்று தின்று பார்க்காமல் அடுத்த தட்டை அடுப்புக்குள் தள்ளமாட்டான். ஒருநாள் சூடான தட்டு நழுவி இடது கால் கட்டைவிரலில் விழுந்தது. அந்தப் புண் ஆறவேயில்லை. கட்டைவிரல் கறுத்தது, பாதம் கறுத்தது, ராத்திரியெல்லாம் தலையணையைக் கடித்துக்கொண்டு முனகினான். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்களா என்று நர்சு கேட்டாள். இந்த ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டுபோய்ப் புதைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. லிகியா வாயைத் திறக்குமுன் படுக்கையிலிருந்து அவன் சொன்னான், "வேணாம். அதை என் கண்ணுல காட்டாதீங்க."

"அத்தை கேப்பாங்களே" என்றாள் லிகியா.

"கேட்டா புதைச்சாச்சுன்னு சொல்லு. ஒரு வருஷமா என்னையத் தூங்கவிடாத கால் அது. சம்பாதிச்சதெல்லாம் தின்ன கால். செத்தப்புறமும் அது எங்கூடப் படுக்கணுமா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினாள். புருஷன் அழுகிற முகத்தோடு கையை நீட்டும்போது எந்தப் பெண்டாட்டிதான் பண்ணமாட்டாள். மாமியாரிடம் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் புதைத்தாயிற்று என்றாள். அடுத்த வருடம் அவனும் போனான். "அந்தக் காலைத் தோண்டி எடுத்து அவனோட வெச்சிடு, என் புள்ள குறையோட போகக்கூடாது" என்றாள் யூசேபியா. லிகியா கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அவனுக்கு உடை மாட்டினாள். குளியல் துண்டு ஒன்றை இறுக்கிச் சுருட்டிக் கால்சட்டையின் இடது காலுக்குள் திணித்து, அதன் நுனியில் ஷூவைப் பொருத்திக் கயிற்றையும் கட்டினாள். யூசேபியா சவப்பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு ஷூவையும் தடவிப் பார்த்தாள். "ரெண்டும் இருக்கு. நல்லது" என்றாள். அந்த "நல்லது" லிகியாவின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. விரல் எலும்பு ஒன்று குறைந்தாலும் மாடத்தை மறுபடி சல்லடை போடவைக்கும் ஊர் அது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததை என்ன சொல்லி மறைப்பது?

"இங்க தோண்டும்போது ஆளுங்க எலும்பு கிடைச்சுதா?" என்று மிர்தலா கேட்டார்.

"கிடைச்சுதும்மா. ஒரு ராஜாவைப் பச்சைக்கல் மணியெல்லாம் போட்டுப் படுக்கவெச்சிருந்தாங்க."

"இப்ப எங்க இருக்கு?"

"நகரத்துல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள."

"பாவம். அவங்க வீட்டு ஆளுங்க யாரும் கேக்கலையா?"

"கேக்கறதுக்கு யாரும் மிச்சம் இல்லம்மா" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். சொன்னபிறகு அது அவ்வளவு சரியில்லை என்று பட்டது. கேட்க ஆள் இல்லாதது ஒருவகையில் அந்த ராஜாவின் அதிர்ஷ்டம் என்றும் நினைத்தாள், உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

மிர்தலா போனை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இங்க பாரு, நேத்து ராத்திரி படிச்சேன். எலும்பைத் துடைச்சு வைக்கிற ஊர் ஒண்ணு இருக்காமே, வடக்கால. இந்த வாரம்தான் துடைப்பாங்களாம். போற வழிதானே? ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்."

"அது நம்ம பயணத்துல இல்லம்மா. நேரம் பத்தாது."

"நேரம் இருக்கே" என்றான் பின்னால் நின்ற கஸ்பார். "தாராளமா இருக்கு. சாப்பாட்டுக்கு ரொட்டியும் அங்கேயே வாங்கிக்கலாம். அந்த மாதிரி ரொட்டி உங்க ஊர்ல கனவுலகூடக் கிடைக்காதும்மா."

மிர்தலா கையைத் தட்டினார். அதற்கும் கோயில் எதிரொலித்தது. போகலாம் என்று மற்றவர்களும் சொல்ல, லிகியா எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரச் சொல்லிவிட்டு, கஸ்பாரின் சட்டைக்கையைப் பிடித்து ஒரு மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நேரமில்லன்னு நான் சொல்றேன், இருக்குன்னு நீ சொல்ற. இங்க யாருடா வழிகாட்டி?"

"நீங்கதான் அண்ணி வழிகாட்டி. ஸ்டீரிங் எங்கிட்ட இருக்கு."

"விளையாடாத கஸ்பார்."

"இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டேன். அம்மா காலைலயே போய் நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. கல்லறைத் தோட்டத்தைப் பாத்துக்கிற செனோன் கடப்பாறையோட வந்து வந்து பாத்துட்டுப் போறாரு. 'எம் மருமக வராம கல்லை நகத்தக்கூடாது'ன்னுட்டாங்க. நாளைக்கு அந்த மாடத்துல வேற ஆளை வைக்கணும், மேலத்தெரு பெனித்தோவோட சம்சாரம். இன்னைக்கு எடுத்தே ஆகணும்."

"நான் வேலை இருக்குன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

"அதுக்குத்தான் என்னை அனுப்பினாங்க. 'வேன் ஓட்டுற பையனுக்கு ஒரு காய்ச்சல் வரவை'ன்னாங்க. வரவெச்சேன். அவனுக்குக் கொடுத்த கோழி ஒண்ணு செலவு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. கஸ்பார் பயந்துபோனான். அண்ணன் செத்த அன்றுகூட இவள் ஊர் முன்னால் அழுது அவன் பார்த்ததில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நர்சு கேட்டது, அண்ணன் சொன்னது, சத்தியம், துண்டு, ஷூ. சொல்லி முடித்தபோது கொஞ்சம் இலேசாக இருந்தது, அடுத்த கணமே முன்னைவிடக் கனத்தது. ரகசியம் இப்போது இரண்டு பேர் தலையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கஸ்பார் மரத்தின் உரிந்த சிவப்புப் பட்டையைக் கிள்ளிக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் விளையாட்டெல்லாம் போய்விட்டது.

"அண்ணனே சொன்னானா?"

"அவரேதான்."

"சொல்லியிருப்பான். அந்தக் காலை அவன் எப்படித் திட்டுவான்னு பக்கத்து ரூம்ல படுத்துக் கேட்டவன் நான்." உரிந்த பட்டையைக் கையில் சுருட்டினான். "ஆனா அம்மாவுக்கு இது தாங்காது அண்ணி. அப்பாவோட பெட்டியில ஒரு பல்லு காணோம்னு மூணு வருஷம் தேடினவங்க அவங்க."

"அதான் வரமாட்டேங்கிறேன்."

"அதுக்குத்தான் நீங்க வரணும். நீங்க இல்லாம தொறந்தா, கூட இருக்கிற எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. குப்பையில போட்டுட்டா, நாய்க்குப் போட்டுட்டான்னு. அதைக் கேட்டுட்டு அவங்க வீட்டுக்குப் போகணும். எதுவானாலும் உங்க வாயால கேக்கட்டும். திட்டினா முகத்துக்கு நேராத் திட்டட்டும்."

"என்னன்னு சொல்றது கஸ்பார்?"

"வண்டியில போகும்போது யோசிங்க அண்ணி" என்றான். பட்டையைக் கீழே போட்டுவிட்டு வேனை நோக்கி நடந்தான்.

வடக்கே போகும் நெடுஞ்சாலையில் அவள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சொல்லப்போவதை வாய்க்குள் ஒத்திகை பார்த்தாள். தொழில் புத்தி. அத்தை, ஒரு விஷயம். அத்தை, அவர்தான் வேண்டாம்னார். வேண்டாம், செத்தவன் மேல் பழியைப் போடுவதுபோல் இருக்கும். அத்தை, நான்தான் வேண்டாம்னேன். அது பொய், ஆனால் அந்தப் பொய்யைத் தாங்கிக்கொள்ளலாம். பெற்ற அம்மா மகனைக் கோபித்துக்கொண்டு பெட்டியை மூடுவதைவிட மருமகளைக் கோபித்துக்கொண்டு மூடினால் பரவாயில்லை. அந்த முடிவுக்கு வந்ததும் சோளக்காடுகளைப் பார்க்க முடிந்தது. பின்னால் மிர்தலா தன் பள்ளியில் நடந்த கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். பல் மருத்துவர் குறட்டை விட்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் ரொட்டி வாசனை வேனுக்குள் ஏறியது. பன்றித் தொடைக்கறியும் பாலாடைக்கட்டியும் பச்சைமிளகாயும் வைத்துச் சுட்ட ரொட்டிகளைக் கஸ்பார் ஒரு பை நிறைய வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தான். லிகியா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை.

கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கியதும் வழிகாட்டிக் குரல் அவளுக்குத் திரும்பி வந்தது. வேலை அவளைக் காப்பாற்றுகிற நேரங்கள் உண்டு. "எதையும் தொடாதீங்க. படம் எடுக்கணும்னா முதல்ல அவங்ககிட்டக் கேளுங்க. வேணாம்னா விட்டுடுங்க" என்றாள். மிர்தலா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பச்சையும் நீலமும் மஞ்சளும் பூசிய மாடங்கள் சின்னச் சின்ன வீடுகளாக வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் மூடி திறந்த பெட்டிகள், பூவேலைத் துணிக்கு மேலே மண்டையோடுகள், சிலவற்றில் இன்னும் கொஞ்சம் தலைமுடி. குடும்பங்கள் தரையில் உட்கார்ந்து பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டே விலைவாசி பேசிக்கொண்டிருந்தன. "லிகியா, வந்துட்டியா? உன் அத்தை உனக்காகத் தவம் கிடக்கா" என்று ஒருத்தி சொன்னாள். அப்போதுதான் கூட்டத்துக்கு விஷயம் புரிந்தது. மிர்தலா அவளை நிமிர்ந்து பார்த்தார். முதல்முறையாக எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

யூசேபியா வெள்ளை உயிபில் அங்கியில், பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடித்த துணி, அதன் மேல் புதுப் பிரஷ். காலடியில் மரப்பெட்டி. காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினாள்.

"யாரு, என் மருமகளா? கூட ஒரு ஊரே வருது போலிருக்கே."

"வடக்கேருந்து சுத்திப் பாக்க வந்தவங்க அத்தை. நான் அவங்களை அந்தப் பக்கம் அனுப்பிடறேன்."

"எதுக்கு? இருக்கட்டும். வில்பெர்ட்டுக்குக் கூட்டம்னா புடிக்கும். கடையில கூட்டம் இல்லாத நாள்ல அவனுக்குச் சோறு இறங்காது." பிறகு குரலை உயர்த்தினாள். அதற்கு மைக் தேவைப்படவில்லை. "செனோன்! எடுப்பா, எம் மருமக வந்துட்டா."

"அத்தை, அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றாள் லிகியா.

"முதல்ல அவனை வெளிய கொண்டு வரட்டும். மூணு வருஷமா இருட்டுல கிடக்கான்."

செனோன் கடப்பாறையை இடுக்கில் கொடுத்து நெம்பினார். சிமெண்டு பலகை கரகரவென்று நகர்ந்தது. பழைய வாசனை ஒன்று வந்தது, கெட்ட வாசனை இல்லை, மழைக்கு முந்தின வீட்டுப் பரணின் வாசனை. அவரும் கஸ்பாரும் சவப்பெட்டியை இழுத்துத் திறந்தார்கள். லிகியா பார்க்கவில்லை. எதிரே இருந்த மாடத்தின் நீலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளும் அவன் உள்ளே அந்தக் கோடுபோட்ட சட்டையோடு ஒருக்களித்துத் தூங்குவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் எல்லோருடைய எலும்பையும் பார்த்தவள்தான், ஆயிரம் பேருக்குக் காட்டியவள்தான். அவனுக்கும் அப்படித்தான் ஆகும் என்று மட்டும் தோன்றியதேயில்லை.

அந்த ஊர் முறைப்படி பாதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நடந்து வந்தவன் நடந்தே உள்ளே போகட்டும் என்று கணக்கு. செனோன் வலது ஷூவைக் கவிழ்த்து, பாதத்துச் சின்ன எலும்புகளைக் கைப்பிடியாக எடுத்து யூசேபியாவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் ஒவ்வொன்றாக விரலால் உருட்டி அடையாளம் பார்த்து, பிரஷ்ஷால் தட்டி, பக்கத்துத் திண்டில் விரித்திருந்த துணியில் வைத்தாள். வெள்ளை அங்கியின் மடியில் பழுப்புத் தூசி விழுந்தது.

"வாப்பா. வெளிய வந்துட்ட. நான்தான், அம்மா. கூசுதா? கொஞ்சம் பொறுத்துக்கோ. உன் பொண்டாட்டி வந்திருக்கா, வேலைக்குப் போன உடுப்போடயே வந்திருக்கா. உன் தம்பி வந்திருக்கான். எங்கேயோ வடக்கத்திச் சனமெல்லாம் உன்னைப் பாக்க வந்திருக்காங்க. பாத்தியா, எவ்வளவு கூட்டம்னு."

வலது கணுக்கால், பிறகு வலது முழங்காலுக்குக் கீழிருக்கும் எலும்பு. நீண்ட எலும்பை மடியில் கிடத்தி மேலிருந்து கீழாக, குழந்தையின் காலுக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் நிதானமாகத் துடைத்தாள். துடைத்துத் துணியில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"இப்ப இடது கால்."

செனோன் இடது ஷூவைத் தூக்கினார். அதற்குள்ளிருந்து கறுத்து மக்கிப்போன துண்டு ஒன்று சுருளாக வெளியே வந்து தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார், கடைசியாக லிகியாவைப் பார்த்தார். கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டான். மிர்தலாவின் கணவர், வாழ்நாளெல்லாம் எலும்பும் பல்லும் பார்த்த மனிதர், நடந்ததைப் புரிந்துகொண்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். யூசேபியாவின் கை மட்டும் காற்றில் நீண்டபடியே இருந்தது. தோல் சுருங்கி, தூசி படிந்த கை.

ஒத்திகை பார்த்த வாக்கியம் லிகியாவின் நாக்கு வரைக்கும் வந்தது. நான்தான் வேண்டாம்னேன் அத்தை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. யார்மேல் கோபப்பட்டால் என்ன, அந்தக் கை வெறுமையாகத்தானே மடியில் இறங்கும். அவள் திண்டின் அருகே மண்டியிட்டாள். துடைத்துவைத்திருந்த வலது காலின் நீண்ட எலும்பை இரண்டு கையாலும் எடுத்தாள். அவனை அவள் தொட்டு மூன்று வருடமாயிற்று. நேற்றைய ரொட்டி மாதிரி அவ்வளவு இலேசாக இருந்தது. இந்தக் கால்தான் விடியற்காலையில் அடுப்பு மூட்ட எழுந்துபோகும்போது அவள் மேல் இடித்துக்கொண்டு போகும், இந்தக் கால்தான் அந்தக் கடைசி வருடம் முழுக்க அவனைத் தனியாகச் சுமந்தது. அதை ஒருகணம் மார்போடு வைத்துக்கொண்டு, பிறகு மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

யூசேபியா வாங்கி மடியில் கிடத்தினாள். விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினாள். பிரஷ்ஷைத் தூக்கி ஒருமுறை இழுத்தாள். நிறுத்தினாள். கட்டைவிரலை எலும்பின் மேல் வைத்து, எடுத்து, இரண்டு விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. ஒளி போன கண்களை லிகியா இருந்த திசைக்குத் திருப்பினாள்.

"இந்தக் கால்ல தூசியே இல்லையே" என்றாள்.

லிகியா திண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியிலேயே நல்லாக் கழுவிட்டாங்க போல."

"ஆமா அத்தை" என்றாள் லிகியா.

யூசேபியா தலையை ஆட்டினாள். எலும்பை மடியில் நேராக வைத்துக்கொண்டு, மறுபடி மேலிருந்து கீழாக, முந்தின காலுக்குச் செய்த அதே நிதானத்தோடு துடைக்கத் தொடங்கினாள். பிரஷ் போய்ப் போய் வந்தது. வெள்ளை அங்கியில் புதிதாகத் தூசி எதுவும் விழவில்லை. துடைத்து முடித்து எலும்பைத் துணிமேல் வைத்துவிட்டு, லிகியா இருந்த பக்கமாகக் கையை மறுபடி நீட்டினாள்.

"பாதத்தையும் குடும்மா."